வீட்டில் இருந்தே வேலை, விடாத இடுப்பு வலி

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இடுப்பு வலி என்று வரும்போது முதலில் கேட்பது நாற்காலியைப் பற்றித்தான். "இருபதாயிரம் ரூபாயில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன் சார், வாங்கினால் சரியாகிவிடுமா?" வாங்கிய பிறகு வருகிறவர்களும் உண்டு. நாற்காலி புதிது, வலி பழையது. இயன்முறை மருத்துவன் என்ற முறையில் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நேற்று காலை வேலையைத் தொடங்கியதிலிருந்து மதியச் சாப்பாடு வரை எத்தனை முறை எழுந்தீர்கள்? பெரும்பாலும் பதில் வர நேரமாகும்.

அலுவலகம் போய் வந்த காலத்தில் நம்மை அறியாமலே நடந்துகொண்டிருந்தோம். பஸ் ஸ்டாண்டு வரை நடை, மின்ரயில் நிலையத்தின் படிகள், கேன்டீன், டீக்கடை, பக்கத்துப் பிரிவில் இருக்கும் நண்பரின் இருக்கை. அதை யாரும் உடற்பயிற்சி என்று நினைத்ததில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்த நடை முழுக்க நின்றுபோனது. வேலை மட்டும் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. இன்றும் வாரத்தில் சில நாட்களாவது பலருக்கு வீடுதான் அலுவலகம். கோவையிலோ திருநெல்வேலியிலோ சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு சென்னை, பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார்கள். படுக்கையறைக்கும் மேசைக்கும் நடுவே பத்தடி. அவர்களுடைய இடுப்பு வலிக்கு நாற்காலியைவிடப் பெரிய காரணம் இந்தப் பத்தடிதான்.

முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளை டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் சொல்கிறோம். நாம் வளர்ந்து முடிந்த பிறகு அந்த வட்டின் உட்பகுதிக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மேலும் கீழும் உள்ள எலும்புகளிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்கு உணவு. உட்கார்ந்து, எழுந்து, நடந்து, படுத்து என்று பாரம் மாறிக்கொண்டே இருந்தால் வட்டுக்குள் நீர் போவதும் வருவதும் சீராக நடக்கும். மூன்று மணி நேரம் ஒரே நிலையில் இருந்தால் நடக்காது. அந்த நிலை அழகாக நிமிர்ந்த நிலையாக இருந்தாலும் இதே கதைதான்.

"நிமிர்ந்து உட்கார்" என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். ஸ்வீடனைச் சேர்ந்த மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் வட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்து, நிற்பதைவிட உட்காரும்போது அழுத்தம் கூடுகிறது என்று காட்டினார். 1999-இல் ஜெர்மனியின் உல்ம் நகர ஆய்வாளர்கள் புதிய கருவியோடு அளந்தபோது, முதுகைச் சாய்த்துத் தளர்வாக உட்கார்ந்தால் அழுத்தம் நிற்பதைவிடவும் குறைவு என்று தெரிந்தது. எனவே நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருவதைக் குற்றமாக நினைக்க வேண்டாம். சிறிது நேரம் நிமிர்ந்து, சிறிது நேரம் சாய்ந்து, சிறிது நேரம் நின்று என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

இருக்கும் மேசையை வைத்தே

மேசையையும் நாற்காலியையும் சரிசெய்வது வீண் என்று சொல்ல வரவில்லை. செய்ய வேண்டியதுதான், ஆனால் பெரிய செலவு தேவையில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசை சுமார் 30 அங்குல உயரம், அதன் நாற்காலி சுமார் 18 அங்குலம். ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள பெண்ணுக்கு இந்த மேசை முழங்கையைவிட மூன்று நான்கு அங்குலம் உயர்ந்து நிற்கும். தட்டச்சு செய்ய அவர் நாள் முழுவதும் தோளைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். தோளில் இழுப்பு, கழுத்தில் பிடிப்பு, களைத்துப்போய்க் கடைசியில் முன்னால் சரிவது என்று அது இடுப்பில் வந்து முடியும்.

சோதித்துப் பார்ப்பது எளிது. நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொங்கவிடுங்கள். முழங்கையை மட்டும் மடக்குங்கள். மேசையின் மேற்பரப்பு அந்த முழங்கை உயரத்திலோ ஓர் அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேசை உயரமாக இருந்தால் நாற்காலியில் அழுத்தமான குஷனையோ மடித்த ஜமக்காளத்தையோ போட்டு உட்காருங்கள். இப்போது கால் தரையில் படாது. தொங்கும் கால் தொடையின் அடிப்பகுதியை அழுத்தும். நம்மை அறியாமல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்துவிடுவோம், பின்னால் சாய்மானம் இருந்தும் பயனில்லை. கால் வைக்க ஏதாவது வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் பழைய புத்தகங்களை அடுக்கச் சொல்வார்கள்; நமக்குப் புத்தகத்தின் மேல் கால் வைக்க மனம் வராது. வீட்டில் மணைப்பலகை இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் கெட்டியான அட்டைப்பெட்டி.

பிளாஸ்டிக் நாற்காலியில் வேலை செய்பவர்கள் ஒரு துண்டை இறுக்கமாக உருட்டி, வேட்டியோ சேலையோ கட்டும் இடத்துக்குச் சற்று மேலே, இடுப்பின் பள்ளத்தில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டு பருமனாக இருந்தால் முதுகை முன்னால் தள்ளும். இருப்பதே தெரியாத அளவுக்கு இருந்தால் சரி. இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும்.

காசு செலவழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது தனி விசைப்பலகையும் மவுசும்தான். மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனியும், கண்ணுக்கு வசதியாக வைத்தால் கை தூக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு விசைப்பலகை, மவுசு வாங்கிக்கொண்டு, மடிக்கணினியைப் பெட்டியின் மேல் ஏற்றித் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். புராகிரசிவ் கண்ணாடி போட்டவர்கள் மட்டும் திரையைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் படிக்க நாள் முழுவதும் மோவாயைத் தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

கட்டிலில் காலை நீட்டி, மடியில் கணினியை வைத்து வேலை செய்யாதீர்கள். காலை நீட்டும்போது தொடையின் பின்தசைகள் இடுப்பெலும்பைப் பின்னால் இழுத்து முதுகை வளைத்துவிடும். தரையில் சப்பணமிட்டு உட்காருவது அதைவிட எவ்வளவோ மேல். மடித்த போர்வையின் மேல் உட்கார்ந்து இடுப்பு முழங்காலைவிட உயர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு குட்டை மேசை வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை காலை மாற்றிப் போடுங்கள். தரையிலிருந்து எழுவதே தொடைக்கும் இடுப்புக்கும் நல்ல வேலை.

அரை மணிக்கு ஒருமுறை

அரை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து ஒன்றிரண்டு நிமிடம் நடங்கள். அலைபேசியில் மணி வைத்தால் இரண்டு நாள் எழுவோம், மூன்றாம் நாள் அணைத்துவிடுவோம். அதனால் வீட்டையே அதற்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைக்காதீர்கள். சமையலறையில் சொம்பை வைத்துவிட்டு ஒவ்வொரு டம்ளராகப் போய்க் குடியுங்கள். சார்ஜரை அடுத்த அறையில் செருகி வையுங்கள். காலிங் பெல் அடித்தால் நீங்களே போய்த் திறங்கள். கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்கிற கூட்டங்களில் கேமராவை அணைத்துவிட்டு நின்றபடியோ நடந்தபடியோ கேளுங்கள். மாலையில் மொட்டை மாடி இதற்கு அருமையான இடம். குழுவை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு மணி நேரக் கூட்டத்தை ஐம்பது நிமிடத்தில் முடியுங்கள். உங்கள் குழுவின் முதுகுகளுக்கு நிறுவனம் தரும் நாற்காலிப் படியைவிட அந்தப் பத்து நிமிடம் அதிகம் உதவும்.

பெண்களுக்கு இதை அப்படியே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே குக்கர் வைத்து, துணி காயப்போட்டு, பிள்ளையைப் பள்ளி வேனிலிருந்து அழைத்து வந்து, மறுபடி கணினி முன்னால் உட்காருகிறவரிடம் "அரை மணிக்கு ஒருமுறை எழுந்திருங்கள்" என்று எப்படிச் சொல்வது? அவர் எழாமல் இல்லை. எழுந்ததும் குனிகிற, தூக்குகிற வேலைதான் காத்திருக்கிறது. அவருக்கு நான் எழுதித் தருவது மதியம் பத்து நிமிடம் முழங்காலை மடக்கி மல்லாந்து படுப்பது. அந்தப் பத்து நிமிடம் அவரை யாரும் கூப்பிடக் கூடாது. துணி வாளியைத் தூக்குவதும் மாவரைத்த பாத்திரத்தை இறக்குவதும் வீட்டில் இருக்கும் மற்றவர்களின் வேலையாகட்டும். மனைவிக்கு இடுப்பு வலி என்று கூட வருகிற கணவர்களிடம் இதை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

காலைக் குனிவும் தண்ணீர் கேனும்

வட்டுகள் இரவு முழுவதும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன. அதனால்தான் காலையில் எழும்போது நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். அந்தக் கூடுதல் உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் வட்டு உப்பியிருக்கிறது. அப்போது இடுப்பை வளைத்துக் குனிந்தால் மாலையில் குனிவதைவிடப் பல மடங்கு அழுத்தம். 1998-இல் அமெரிக்காவில் ஸ்டோவர் ஸ்னூக் குழுவினர் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களைக் காலையில் முதல் இரண்டு மணி நேரம் குனியாமல் இருக்கப் பழக்கினார்கள். வேறு எதையும் மாற்றாமலே வலி குறைந்தது.

நம் வீடுகளில் விடிந்தவுடன் நடப்பதெல்லாம் குனிகிற வேலை. வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, காலை மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து கோலம். பிறகு நாள் முழுவதும் கணினி. வலி இருக்கிற வாரங்களில் கோலத்தை வேறொருவர் போடட்டும். இல்லையென்றால் எழுந்து, நடந்து, காபி குடித்து, ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். குட்டை விளக்குமாற்றுக்குப் பதில் நீளமான பிடியுள்ளதை வாங்கிவிடுங்கள். பல் துலக்கும்போது ஒரு கையை வாஷ்பேசினில் ஊன்றி முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளுங்கள். யோகா செய்பவர்களுக்கும் இதுதான்: படுக்கையிலிருந்து எழுந்தவுடன் பாதஹஸ்தாசனமும் பச்சிமோத்தாசனமும் வேண்டாம். சூரிய நமஸ்காரத்தைக்கூட உடல் சூடான பிறகு செய்யுங்கள்.

நகரத்து வீடுகளில் "பளிச்சென்று பிடித்துக்கொண்டது" என்று சொல்பவர்களில் பலர் அந்த நேரத்தில் தூக்கிக்கொண்டிருந்தது தண்ணீர் கேன். 20 லிட்டர் என்றால் 20 கிலோ. கேன் போடுகிற தம்பி வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். இரண்டு மணி நேரம் கூன் போட்டு உட்கார்ந்திருந்தவர், இரு அழைப்புகளுக்கு நடுவே ஓடிவந்து, குனிந்து தூக்கி, இடுப்பைத் திருப்பி, டிஸ்பென்சரில் கவிழ்க்கிறார். நீண்ட நேரம் வளைந்து உட்கார்ந்த பிறகு முதுகின் நார்கள் சில நிமிடங்களுக்குத் தொய்ந்தே இருக்கும். தசைகளும் உடனே துணைக்கு வராது. 20 கிலோவைத் தூக்க அதைவிட மோசமான நேரம் இல்லை. கேன் வாசலிலேயே இருக்கட்டும். முதலில் எழுந்து இரண்டு மூன்று நிமிடம் நடந்து, கைகளை இடுப்பில் வைத்து நாலைந்து முறை பின்னால் வளையுங்கள். பிறகு காலை அகட்டி, முழங்காலை மடக்கி இறங்கி, கேனை உடம்போடு அணைத்துத் தூக்குங்கள். திரும்பும்போது பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். கேனின் வாயில் பொருத்தும் கைப்பம்பு வாங்கிவிட்டால் கவிழ்க்கும் வேலையே இல்லை.

பிடித்துக்கொண்டால்

முதல் ஓரிரு நாள் வலி கடுமையாக இருக்கும். மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களை ஒரு நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டால் பலருக்கு உடனே இதமாக இருக்கும். ஒருக்களித்துப் படுப்பதென்றால் முழங்கால்களுக்கு நடுவே தலையணை. ஆனால் வாரக்கணக்கில் படுத்திருக்காதீர்கள். 1995-இல் பின்லாந்தின் ஹெல்சின்கி மாநகர ஊழியர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. திடீர் இடுப்பு வலி வந்தவர்களில் ஒரு குழுவை இரண்டு நாள் படுக்க வைத்தார்கள், இன்னொரு குழுவுக்குப் பயிற்சிகள், மூன்றாம் குழுவிடம் முடிந்தவரை வழக்கமான வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். விரைவில் தேறியது மூன்றாம் குழுதான்.

ஒத்தடம் கொடுக்கலாம். உப்பு வறுத்துத் துணியில் கட்டியதோ, நொச்சி இலையோ, வெந்நீர்ப் பையோ, உதவுவது சூடுதான். 15 முதல் 20 நிமிடம் போதும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், அதனால் வேறொருவர் கையால் சூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். தைலம் தடவி மெதுவாக நீவிவிடுவதில் கெடுதல் இல்லை. முதுகில் ஏறி மிதிப்பது, "சுளுக்கு எடுக்கிறேன்" என்று முறுக்கி உடைப்பது வேண்டவே வேண்டாம். மெடிக்கலில் "இடுப்பு வலிக்கு ஒரு செட்" என்று கேட்டு வாங்காதீர்கள். அந்தச் செட்டில் ஸ்டீராய்டு இருப்பதும் உண்டு. வலி மாத்திரை வேண்டுமென்றால் உங்கள் வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் தெரிந்த மருத்துவர் எழுதித் தரட்டும். பெல்ட்டை நம்பி இருக்காதீர்கள். நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில் இடுப்புப் பட்டையும் டிராக்‌ஷனும் வேண்டாதவற்றின் பட்டியலில் இருக்கின்றன. உடற்பயிற்சியும் நோயாளிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்வதும் பரிந்துரைக்கப்பட்டிருக்கின்றன. கட்டாந்தரையில் படுக்க வேண்டிய அவசியமும் இல்லை. மிகக் கடினமான மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ளதே நல்லது என்று 2003-இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வு காட்டியது.

எம்.ஆர்.ஐ. எடுத்து "டிஸ்க் பல்ஜ்" என்று ஒரு வரி வந்துவிட்டால் பலர் ஆடிப்போகிறார்கள். "ஜவ்வு விலகிடுச்சு, இனி குனியவே கூடாதாம்" என்று கண் கலங்குபவர்களைப் பார்க்கிறேன். 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்தது. 30 வயதுக்காரர்களில் 40 சதவீதம், 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கு வட்டு பிதுங்கியிருந்தது. வலியில்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஸ்கேனில் தெரிவதையும் உங்கள் வலியையும் பொருத்திப் பார்த்துச் சொல்ல மருத்துவர் உங்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும், காகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. பெரும்பாலான திடீர் வலிகள் ஆறு வாரத்துக்குள் நன்றாகக் குறைந்துவிடும். வேலை போய்விடுமோ என்ற அச்சமும் தூக்கமின்மையும் வலியைக் கூட்டும். அது பொய்வலி என்று பொருளல்ல. தூக்கத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

பயிற்சிகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் ராபின் மெக்கென்சி என்ற இயன்முறை மருத்துவரிடம் காலுக்கு வலி இறங்கிய ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த மேசையில் அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துக்கொண்டார். மெக்கென்சி வந்து பார்த்தபோது முதுகு நன்றாகப் பின்னால் வளைந்திருந்தது. ஆனால் கால் வலி போயிருந்தது. அங்கிருந்து வளர்ந்த முறை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. உட்கார்ந்தாலும் குனிந்தாலும் வலி கூடி, நடந்தால் குறைகிறவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். குப்புறப் படுங்கள். ஓரிரு நிமிடம் கழித்து முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துங்கள், இடுப்பு தரையிலேயே இருக்கட்டும். புஜங்காசனத்தின் தொடக்க நிலை போலத்தான். வலி எங்கே போகிறது என்று கவனியுங்கள். காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலேறி வந்தால் நல்ல அறிகுறி, இடுப்பில் சற்றுக் கூடினாலும் தொடரலாம். காலுக்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்திவிட்டு நேரில் காட்டுங்கள். நின்றாலும் நடந்தாலும் கால் மரத்து, உட்கார்ந்தால் சரியாகிற வயதானவர்களுக்கு இது பொருந்தாது.

வலி அடங்கிய பிறகு கையால் எதையும் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். தினமும் இவை போதும், கூட நடை இருந்தால். 2024-இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், இடுப்பு வலியிலிருந்து தேறிய 701 பேர் கலந்துகொண்டார்கள். படிப்படியாகக் கூட்டி வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் நடக்கும் இலக்கோடு ஆலோசனையும் பெற்றவர்களுக்கு வலி திரும்ப வர நடுமதிப்பில் 208 நாள் ஆனது. அப்படி எதுவும் செய்யாதவர்களுக்கு 112 நாள். அலுவலகம் போகும்போது இருந்த நடையை வேலை தொடங்கும் முன் தெருவைச் சுற்றியாவது திரும்பக் கொண்டுவாருங்கள்.

வீட்டு வைத்தியமும் பயிற்சியும் பார்த்துக்கொள்ளும் என்று காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் விடாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். நம் நாட்டில் அது அரிதல்ல. முன்பு புற்றுநோய் வந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், கீழே விழுந்த பிறகு வலி வந்த முதியவர்கள் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பாதம் தூக்க முடியாமல் செருப்பு நழுவினாலும் தாமதம் வேண்டாம். சிறுநீர் கழிக்க முடியவில்லை அல்லது அடக்க முடியவில்லை, பிறப்புறுப்பைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போகிறது, இரண்டு கால்களும் வலுவிழக்கின்றன என்றால் முதுகெலும்பின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்கிக்கொண்டிருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் நடக்கிறதோ அவ்வளவு நல்லது. விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.